மருமகளுக்கு ஒரு தடைக்காலம்

எனக்கு எழுபத்து மூன்று வயதாகிறது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். தேங்காய்த்திட்டு ஹார்பர் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து, தெருத் தெருவாக விற்று வளர்த்தேன். இரக்கப்பட வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. என் கூடை மீன் கெட்டது என்று ஒருத்தர் திருப்பிக் கொடுத்தது கிடையாது. பெண்கள் இரண்டு பேரும் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறார்கள். பெரிய மகன் ஹார்பரில் படகு இஞ்சின் பழுது பார்க்கிறான். சின்னவன் கரண்ட் ஆபீசில் வேலை செய்கிறான். நான் எழுத உட்கார்ந்தது அந்தச் சின்னவன் கட்டிக்கொண்டு வந்த மருமகளைப் பற்றி.

அவள் பியானோ வாசிக்கிறவள். பியானோ சொல்லிக்கொடுக்கிறவளும்கூட. இரண்டும் ஒன்றுதான் என்று நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மீன் பிடிக்கிறதும் மீன் விற்கிறதும் ஒன்றா? அது போலத்தான் இதுவும் என்று விளங்க எனக்குப் பல வருஷம் ஆனது.

அவள் சொல்தா வீட்டுப் பெண். அவளுடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அதோடு நாங்கள் குருசுக்குப்பத்துக்காரர்கள், மீன் வாடை அடிக்கிற வீடு. அவள் வீட்டில் யாருக்கும் சம்மதம் இல்லை. கல்யாணம் ரிஜிஸ்தர் ஆபீசில் நடந்தது. அடுத்த வாரம் அவள் அப்பா பியானோவை ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். தாத்தா அவள் பேரில் வாங்கியதாம், அங்கே இருந்தால் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறதாம். அவள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது அந்தப் பியானோ மட்டும்தான். ஆள் யாரும் வரவில்லை.

எங்கள் சந்துக்குள் வண்டி நுழையாது. படகைக் கரையேற்றுகிற ஆட்களைக் கூப்பிட்டுத்தான் தூக்கச் சொன்னேன்.

"ஆயா, உள்ள இன்னா இருக்கு? சுறாவா?"

"உன் மாமியார்டா. எழுந்துக்கப் போறா, மெதுவா தூக்கு."

சந்தே கூடி நின்று சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அதன் ஒரு மூலையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நடுக்கூடத்தில் கொண்டு வைத்த பிறகு மூடியைத் திறந்து வாசித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீளமாக இருந்தது. முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்து மதர் ஒருவரிடம் ஆரம்பித்தவளாம். அப்புறம் வாராவாரம் பஸ் ஏறி சென்னைக்குப் போய்க் கற்றுக்கொண்டாளாம். வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து வைக்கிற பரீட்சை எல்லாம் முடித்து, கச்சேரிக்குக் கூப்பிடுகிற அளவுக்கு வந்திருந்த நேரத்தில்தான் என் மகனைப் பார்த்திருக்கிறாள். இதெல்லாம் பின்னால் மகன் சொல்லித் தெரிந்தது. அவள் தன்னைப் பற்றிப் பேசுகிறவள் இல்லை.

ஒரு மாதம் கழித்து அவர்கள் இருவரும் வேளாங்கண்ணிக்குப் போனார்கள். அந்தச் சமயத்தில் என் பெரியவன் பியானோவைத் திறந்து பார்த்தான். உள்ளே கம்பியெல்லாம் லேசாகத் துரு. கடலை ஒட்டி இருக்கிற வீட்டில் இரும்பு என்றால் என்ன கதி என்று எங்களுக்குத் தெரியும். சைக்கிள் செயின், கதவு கீல், படகு இஞ்சின், எதுவாக இருந்தாலும் உப்புக் காற்றுக்குக் கிரீஸ்தான் மருந்து. தம்பி கல்யாணத்துக்கு அவன் ஒன்றும் செய்திருக்கவில்லை. அந்தக் குறை அவனுக்கு இருந்தது. டீசல் தொட்டுக் கம்பி கம்பியாகத் துடைத்தான். கம்பி சுற்றியிருக்கிற ஆணிகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டான். மேலே மெல்லிசாகக் கிரீஸ் பூசினான். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து செய்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து துணி கிழித்துக் கொடுத்தேன். உள்ளே பார்த்தால் புது இஞ்சின் மாதிரி மினுமினு என்று இருந்தது.

அவர்கள் திரும்பி வந்ததும் அவன் அவளைக் கூட்டிப்போய்த் திறந்து காட்டினான்.

"இனி பத்து வருசத்துக்கு ஒரு துரு அண்டாது, பாத்துக்க."

அவள் உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்தினாள். இன்னொன்றை அழுத்தினாள். கீழே தடிமனான கம்பி இருக்கிற பக்கம் அழுத்தினபோது, தண்ணீர் நிறைந்த குடத்தைத் தட்டின மாதிரி மொத்தென்று ஒரு சத்தம். என் பெரியவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் மட்டும் எழுந்து சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, "ரொம்பச் சுத்தமா இருக்கு மாமா. டீ போடறேன், இருங்க" என்று உள்ளே போனாள்.

சென்னையிலிருந்து சுருதி சேர்க்கிற ஆள் வந்தார். மூடியைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"யாருமா இதுக்கு எண்ணெய் விட்டது? ஆணி மரத்துல இறுகிப் பிடிச்சாத்தான் கம்பி நிக்கும். மரம் எண்ணெய் குடிச்சிருச்சு. இனி வழுக்கிக்கிட்டே இருக்கும்."

பெரியவன் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தான். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்க தாத்தா வாங்கினப்பவே இப்படித்தான் சார் இருந்துச்சு."

அவர் அவளைப் பார்த்தார், வாசலில் நின்ற என் மகனுடைய கையைப் பார்த்தார். ஹார்பர் மெக்கானிக் கை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆணி முறுக்குகிற சாவி ஒன்றை அவளிடமே கொடுத்து, எப்படித் திருப்புவது என்று காட்டிவிட்டுப் போனார். காலையில் முறுக்கினால் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடும், மறுநாள் திரும்ப முறுக்கிக்கொள்ள வேண்டும் என்றார். ஜாதி வேறு, கோயில் வேறு என்று எனக்கு உள்ளுக்குள் இருந்த மனத்தாங்கல் அன்றைக்குப் போயிற்று. என் மகனை ஒரு வெளி ஆள் முன்னால் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்கும். ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்துவாள், சாவியைத் திருப்புவாள், காதைச் சாய்ப்பாள், மறுபடி அழுத்துவாள். முறுக்கி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். மிச்ச நேரத்தில் வாசிப்பாள். பேத்தி வயிற்றில் இருந்தபோதும் முறுக்கினாள். பேத்தி பிறந்த பிறகு பாதி நாள் முறுக்கினாள், பாதி நாள் முறுக்கவில்லை.

பாடம் சொல்லிக்கொடுப்பது அப்போதுதான் ஆரம்பித்தது. முதலில் பக்கத்துத் தெருப் பெண் ஒன்று. வழுக்குகிற பியானோவில் பிள்ளைகள் கற்றுக்கொண்டால் காது கெட்டுவிடும் என்று, கரண்டில் ஓடுகிற கீபோர்டு ஒன்றை வாங்கிப் போட்டாள். ஒரு பிள்ளை இரண்டு பிள்ளை ஆயிற்று. லாஸ்பேட்டையிலிருந்து வந்தார்கள், ரெட்டியார்பாளையத்திலிருந்து வந்தார்கள், வெள்ளைக்காரத் தெருவில் ஓட்டல் வைத்திருக்கிறவர்களின் பிள்ளைகள் காரில் வந்து சந்து முனையில் இறங்கி மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து விளக்கு வைத்து வெகு நேரம் வரைக்கும் பிள்ளைகள். சனி, ஞாயிறு என்றால் காலையிலிருந்தே.

அவள் நன்றாகச் சொல்லிக்கொடுப்பாள். அடிக்க மாட்டாள், கத்த மாட்டாள். கட்டையைத் தொடுவதற்கு முன்னால் கை தட்டச் சொல்வாள், வாயால் பாடச் சொல்வாள், கூடத்தில் தாளத்துக்கு நடக்கச் சொல்வாள். அழுகிற பிள்ளை அவளிடம் வந்தால் அரை மணியில் அழுகையை மறந்துவிடும். ஆனால் கேட்கிறவர்கள் பாடு என்ன? ஒரே பாட்டு, ஒரே இடத்தில் தப்பு, ஒரு பிள்ளை போனால் அடுத்த பிள்ளை வந்து அதே இடத்தில் அதே தப்பு. நான் வாசலில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளுவேன். கூடவே பெற்றவர்கள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

"ஒரு வருசத்துல முடிஞ்சிடுமா பாட்டி?"

"என்னது முடியணும்?"

"பியானோதான். அடுத்த வருசம் கராத்தேல சேக்கணும்."

பிள்ளைகள் கூடக் கூட அவள் வாசிப்பது குறைந்தது. காலையில் சமையல், பேத்தியைக் கிளப்புவது. மதியம் பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அவளுக்கென்று இருந்தது. அந்த நேரத்துக்கும் பெரிய ஆட்கள் கற்றுக்கொள்ள வந்தார்கள். பிரான்ஸ் பென்ஷன் வாங்குகிற கிழவர் ஒருவர், டாக்டர் வீட்டு அம்மா ஒருத்தி. கூடத்தில் இருந்த பியானோ மேல் பிள்ளைகளின் பையும் தண்ணீர் பாட்டிலும் ஏறின. சாவி எங்கே கிடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ராத்திரி சோற்றுத் தட்டோடு உட்கார்ந்தால் பிசைந்துகொண்டே இருப்பாள், வாய்க்குப் போகாது. கூடையை இறக்கி வைத்த பிறகும் தலையில் கனம் இருக்கிற மாதிரி நான் எத்தனையோ வருஷம் இருந்திருக்கிறேன். அந்தக் களைப்பு முகத்தை எனக்குத் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் போன வருஷம் ஒரு அழைப்பு வந்தது. பழைய டவுனில் ஒரு ஹாலில் நல்ல பியானோ இருக்கிறதாம். ஒரு மாலை முழுக்க அவள் ஒருத்தியே வாசிக்க வேண்டுமாம். ஜூலை மாதம். சரி என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு மாடிப்படியில் மகனிடம் அவள் பேசினது எனக்குக் கேட்டது.

"ஒத்திப்போடச் சொல்லேன். புள்ளைங்க பரீட்சையெல்லாம் முடியட்டும்" என்றான் அவன்.

"எத்தனை தடவை ஒத்திப்போடறது? இந்தத் தடவை வாசிக்கலன்னா நான் வாசிக்கிறவ இல்ல. டீச்சர்தான். அதோட சரி. அப்புறம் யாரும் என்னைக் கூப்பிடவும் வேணாம், நான் ஏங்கவும் வேணாம்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. விலை படியாத மீனைக் கடைசியில் கருவாட்டுக்குத் தள்ளிவிடுகிறவள் மாதிரி சொன்னாள்.

ஏப்ரல் வந்தது. கோடை லீவு விட்டதும் பிள்ளைகள் குறைவார்கள் என்று பார்த்தால், சம்மர் கிளாஸ் என்று இன்னும் அதிகமாக வந்தார்கள். கூடத்தில் செருப்பு வைக்க இடம் இல்லை. அவள் கச்சேரிக்கு எடுத்து வைத்த பாட்டுத் தாள்கள் பியானோ மேல் பிரிக்காமல் கிடந்தன.

அந்த மாதம்தான் கடலுக்குத் தடைக்காலம் ஆரம்பிக்கும். விசைப்படகு எதுவும் போகக் கூடாது, மீன் முட்டை போட்டுப் பெருகட்டும் என்று அரசாங்கம் இரண்டு மாதம் நிறுத்தி வைக்கும். எங்கள் சனத்துக்கு அது பஞ்ச காலம். கஷ்டம்தான். ஆனாலும் அதை வேண்டாம் என்று சொல்கிற கடல்காரன் இல்லை. இடைவிடாமல் அரித்தால் கடலில் ஒன்றும் மிஞ்சாது என்று எல்லாருக்கும் தெரியும். படகெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு ஹார்பரிலிருந்து திரும்பினேன். வீட்டு வாசலில் அத்தனை செருப்பு. உள்ளே அதே பாட்டு, அதே தப்பு.

மறுநாள் வாசலில் நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்தேன். அவள் பேத்திக்குத் தடுப்பூசி போடக் கூட்டிப்போயிருந்தாள்.

"டீச்சர் இல்லியா பாட்டி?"

"வந்துருவா. வகுப்பு இல்ல."

"ஏன், உடம்பு சரியில்லியா?"

"தடைக்காலம். ஜூலைக்கு அப்புறம் வாங்க."

ஓட்டல்காரர் மனைவி சிரித்துவிட்டாள். "ஏன் பாட்டி, எங்க பசங்க என்ன மீனா?"

"அவதான் கடல். நீங்கல்லாம் வலை. தினம் வந்து அரிச்சா அவகிட்ட என்னா மிஞ்சும்?"

அன்றைக்கு வந்த அத்தனை பேரையும் திருப்பி அனுப்பினேன். அழுத பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்து அனுப்பினேன். கோபித்துக்கொண்டவர்களிடம் நானும் கோபித்துக்கொண்டேன். ஏல மேடையில் நின்றவளுக்கு அது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

அவள் திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அதற்குள் போன் வர ஆரம்பித்துவிட்டது. போனை வைத்துவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"யாரைக் கேட்டு அத்தை அனுப்பினீங்க?"

"யாரைக் கேக்கணும்? என் வீட்டு வாசல்."

"பியானோ பரீட்சைக்குப் போற புள்ளைங்க இருக்கு. ஒரு வருசமா உழைச்சிருக்கு. அதுங்க என்னா பாவம் பண்ணுச்சு?"

"நீ என்னா பாவம் பண்ண?"

"உங்க கூடைல நான் என்னைக்காவது கை வச்சேனா அத்தை? இது என் கூடை."

நியாயமான பேச்சு. ஆனாலும் நாற்காலியை எடுக்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் மட்டும் காலையில் வரட்டும், மற்றவர்கள் ஜூலைக்குப் பிறகு வரட்டும் என்று சொன்னாள். பாதிப் பேர் வேறு டீச்சரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். ஓட்டல்காரர் வீடும் அதில் சேர்த்தி. போனை வைக்கும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

பிறகு பியானோ மேல் இருந்ததையெல்லாம் இறக்கி வைத்தாள். சாவி பேத்தியின் விளையாட்டுச் சாமான் பெட்டியில் கிடைத்தது. இத்தனை வருஷத்தில் ஆணியெல்லாம் ரொம்பவே இறங்கிப் போயிருந்தது. முறுக்கி முறுக்கி அவள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. இப்படிக் கையை வைத்துக்கொண்டு கச்சேரி எப்படி வாசிப்பாள்? விஷயம் கேட்டு என் பெரியவன் வந்தான். தடைக்காலத்தில்தான் அவனுக்கு வேலை அதிகம், கரையில் கிடக்கிற இஞ்சினெல்லாம் அவன் கைக்குத்தான் வரும். ஆனாலும் தினமும் விடிந்ததும் இங்கே வந்துவிட்டுத்தான் ஹார்பருக்குப் போனான்.

அவள் கட்டையை அழுத்துவாள். அவன் சாவியைத் திருப்புவான்.

"ஏத்துங்க மாமா. இன்னும். இன்னும் துளி. ஐயோ, தாண்டிடுச்சி. இறக்குங்க."

"எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான்மா கேக்குது."

"உங்களுக்குக் கேக்க வேணாம். கை மட்டும் குடுங்க."

இருவரும் அந்தக் கிரீஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இன்றைக்கு வரைக்கும் பேசவில்லை.

அவன் போன பிறகு பரீட்சைப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களும் போன பிறகு அவள் வாசிப்பாள். சின்னச் சின்னத் துண்டாக எடுத்து, ஒரு துண்டையே மதியம் முழுக்க வாசிப்பாள். பிள்ளைகளின் பாட்டு போய் இப்போது இவள் பாட்டு. எனக்கு ஓய்வு என்று ஒன்றும் கிடைத்துவிடவில்லை. சில நாள் நடுவில் நிறுத்தி, கட்டை மேலேயே தலையை வைத்துக்கொண்டு கிடப்பாள். "விரல் மறந்து போச்சு அத்தை" என்பாள். நான் மோர் கரைத்து வைத்துவிட்டு வந்துவிடுவேன். வேறென்ன செய்ய?

கச்சேரி அன்றைக்குப் பட்டு கட்டிக்கொண்டு போய் முன் வரிசையில் உட்கார்ந்தேன். ஹால் பாதிதான் நிறைந்தது. அவள் அப்பா வருவார் என்று மகன் சொல்லியிருந்தான். வரவில்லை. மேடையில் இருந்த பியானோ படகு மாதிரி அகலமாக இருந்தது. அவள் ஒரு சாதாரண நீலச் சேலையில் வந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். வாசிப்பதற்கு முன்னால் ஒரு கட்டையை மட்டும் மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். அது வழுக்காத பியானோ என்று அவள் தோள் இறங்கினதிலேயே தெரிந்தது.

எல்லாம் புரிந்தது என்று பொய் எழுத மாட்டேன். எப்போதோ செத்துப்போன யாரோ வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்தது. நடுவில் எனக்குக் கண் செருகியது. ஆனால் வீட்டில் துண்டு துண்டாகக் கேட்டதெல்லாம் அங்கே ஒட்டிக்கொண்டு ஒரே ஓட்டமாக வந்தபோது, இதற்குத்தானா அத்தனை மதியம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஓர் இடத்தில் தடுமாறினாள். கை நின்றது. என் பெரியவன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அவள் அவசரப்படாமல் கொஞ்சம் பின்னால் போய், அங்கிருந்து எடுத்து, அந்த இடத்தைத் தாண்டி முடிவு வரைக்கும் வாசித்தாள். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

வெளியே வந்ததும் நாலைந்து பேர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பாட்டைப் பற்றிச் சொல்லப் போகிறார்கள் என்று பெருமையாகப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ரொம்ப அருமைங்க. வகுப்பு எடுக்கறீங்களாமே? எங்க பையனுக்கு ஆறு வயசு."

எனக்கு அப்படியே அந்த ஆளை அன்னக்கூடையால் அடிக்கலாம் போல வந்தது. அவள் சிரித்த முகத்தோடு, "புதன்கிழமையும் மதியமும் முடியாதுங்க. அது நான் வாசிக்கிற நேரம். மத்த நாள்ல இடம் இருந்தா சொல்றேன்" என்றாள்.

ஆட்டோவில் ஏறினதும் என் தோளில் சாய்ந்துகொண்டாள். "நல்லா வாசிச்ச" என்றேன். "தூக்கம் வருது அத்தை" என்றாள். வீடு வந்து எழுப்ப வேண்டியிருந்தது.

இப்போது பிள்ளைகள் முன்னைப்போல இல்லை, பாதிக்கும் குறைவு. வீட்டில் கையைக் கடிக்கிறது. போனவர்களில் ஒரு சிலர் திரும்பி வந்தார்கள், பலர் வரவில்லை. அதற்காக அவள் என்னை மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை. அடுத்து சென்னையில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள், யாரையும் கேட்கவில்லை. களைப்பு போய்விட்டது என்று சொல்ல முடியாது. அவளுக்கும் போகவில்லை, எனக்கும் போகவில்லை. இன்றைக்குப் புதன்கிழமை. உள்ளே அவள் வாசித்துக்கொண்டிருக்கிறாள், அதே துண்டு, காலையிலிருந்து.

கை வலிக்கிறது, இதோடு நிறுத்துகிறேன். இங்க வா கண்ணு, அந்தப் பந்தை வச்சிட்டு வா. ஆயா எழுதினதை முதல்லேர்ந்து படிச்சுக் காட்டு. உங்கம்மாவை எங்கயாவது தூக்கி வச்சி எழுதியிருந்தா அந்த இடத்துல நிறுத்து, அவளுக்கு அது பிடிக்காது, அடிச்சிடலாம். மெதுவா படி, உள்ள வாசிக்கிறா.